மளாலிம் என்றொரு சொல்

முறையீடுகளைக் கேட்கும் மன்றத்திற்கு நீதியின் பெயரைச் சூட்டுவதே உலக வழக்கம். ஆனால் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க நூற்றாண்டுகளில் அத்தகைய மன்றம் ஒன்றுக்கு ‘அநியாயங்கள்’ என்றே பெயர் வழங்கிற்று. ‘மளாலிம்’ என்பது அந்த அரபுச் சொல். கலீபா மளாலிமுக்காக அமர்ந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்களாயின், அநியாயங்களைக் கேட்டுத் தீர்க்க அமர்ந்தார் என்பது கருத்து. நோயின் பெயரையே மருத்துவசாலைக்கும் இட்டு வழங்கியதைப் போன்றது இது. இச்சொல் எப்பொருளில் பிறந்தது, எங்ஙனம் ஆளப்பட்டது, அது வகித்த இடத்திற்கு வேறொரு சொல் வந்தபோது எது மாறிற்று என்பதை ஆராயப் புகுந்தால், சொல்லாராய்ச்சியாகத் தொடங்குவது நம் வீட்டுக் கணக்கில் வந்து நிற்கக் காண்கிறோம்.

மளாலிம் என்பதன் வேர் ‘ளுல்மு’. ‘ளாலிம்’, ‘மள்லூம்’ ஆகிய சொற்கள் நம் ஆலிம்களின் பயான்கள் வழியே தாய்மார்களுக்கும் சிறுவர்களுக்கும் பழகியவை. அநியாயம் செய்தவன், அநியாயத்துக்கு ஆளானவன் என்று அவற்றுக்குப் பொருள் கூறிவிட்டு நகர்ந்து விடுகிறோம். அரபு அகராதி ஆசிரியர்களோ அத்துடன் நிற்பதில்லை. ஒரு பொருளை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைப்பதே ளுல்மு என்பது அவர்கள் கூறும் மூலப்பொருள். திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்ட ராகிப் அல் இஸ்பஹானி இதனைப் பாலைக் கொண்டும் மண்ணைக் கொண்டும் விளக்குகிறார். தோற்பையில் ஊற்றி வைத்த பால் உரிய பதம் அடையுமுன்னர் அதை எடுத்துப் பருகினால், பைக்கு ளுல்மு செய்தான் என்பது அரபு வழக்கு. அப்பாலுக்கு ‘ளலீம்’ என்று பெயர். தோண்டுதற்குரியதல்லாத இடத்தில் தோண்டப்பட்ட நிலம் ‘மள்லூமா’, அதாவது அநியாயத்துக்கு உள்ளான நிலம். பாலைவனத்து மக்களின் வாழ்விலிருந்து எழுந்த பொருள் இது. தமிழிலும் ‘முறை’ என்ற ஒரே சொல்லிலிருந்து முறைகேடும் பிறந்தது, முறையீடும் பிறந்தது. உரிய வரிசை கெடுவது முன்னது. அவ்வரிசையை மீட்டுத் தருமாறு கேட்பது பின்னது. இரு மொழியினரும் ஏறத்தாழ ஒரே வழியில் சிந்தித்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

திருமறையில் இச்சொல்லின் வீச்சு பெரிது. இணைவைத்தலை மாபெரும் ளுல்மு என்கிறது லுக்மான் அத்தியாயம். வணக்கம் உரிய இடத்தை விட்டு வேறிடத்தில் வைக்கப்படுவதே அதன் காரணம் என விரிவுரையாளர்கள் விளக்குவர். ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களும் அன்னை ஹவ்வா (அலை) அவர்களும் தங்களுக்குத் தாங்களே ளுல்மு இழைத்துக் கொண்டதாக இறைவனிடம் முறையிட்டனர். இவையனைத்தையும் விட என் உள்ளத்தைக் கவர்வது கஹ்பு அத்தியாயத்தில் வரும் இரு தோட்டங்களின் உவமை. அத்தோட்டங்கள் குறைவின்றி விளைந்தன என்று சொல்லுமிடத்தில், விளைச்சலில் எதையும் ளுல்மு செய்யவில்லை என்ற கருத்தில் இவ்வினை ஆளப்பட்டுள்ளது. அதாவது, தரவேண்டியதைக் குறைத்துத் தருவதும் ளுல்முதான். வாளால் வெட்டுவது மட்டுமன்று, படியை மட்டமாய் அளப்பதும் இச்சொல்லுக்குள் அடங்கும்.

மளாலிம் என்பது பன்மை, ஒருமையில் ‘மள்லிமா’. செயலைக் குறிக்கும் ளுல்முக்கும் இதற்கும் நுண்ணியதோர் வேறுபாடு உண்டு. அநியாயமாக எடுக்கப்பட்ட அந்தப் பொருளே மள்லிமா. இழந்தவன் எடுத்தவனிடம் கேட்கும் உரிமையும் மள்லிமா. இமாம் புகாரி (ரஹ்) தம் ஹதீஸ் தொகுப்பில் மளாலிம் என்ற பெயரில் தனியொரு பாகமே வைத்தார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை அங்கேதான் உள்ளது. தன் சகோதரனின் மானத்தையோ பொருளையோ பற்றிய மள்லிமா எவனிடம் இருக்கிறதோ, அவன் தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன்னர் இன்றே அதிலிருந்து விடுபட்டுக் கொள்ளட்டும் என்ற கருத்துடைய நபிமொழியும் அங்கேதான். இச்சொல்லின் நாடி இவ்விரண்டிலும் துடிக்கிறது. குற்றம் செய்தவனைப் பற்றிய சொல்லாக அன்றி, குற்றத்தால் இடம் மாறிப்போன பொருளைப் பற்றிய சொல்லாக அது இருக்கிறது. தண்டனை இதில் இரண்டாமிடம். பொருள் வீடு திரும்புவதே முதலிடம். அதனாலேயே ‘ரத்துல் மளாலிம்’, அதாவது மளாலிமைத் திருப்பித் தருதல் என்ற தொடர் தோன்றிற்று.

இதற்கு முன்மாதிரியை நம் அறிஞர்கள் நபித்துவத்திற்கு முந்திய மக்காவிலேயே காண்கின்றனர். எமன் நாட்டு ஸபீதைச் சேர்ந்த வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவருக்கு விற்றார். விலை வந்தபாடில்லை. அயலூர்க்காரருக்கு மக்காவில் துணை நிற்பார் யார்? அவர் அபூகுபைஸ் குன்றின் மீதேறி உரக்க முறையிட்டார். அதைக் கேட்ட சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடி, மக்காவில் அநியாயத்துக்கு ஆளாகும் எவருக்கும், உள்ளூரார் ஆயினும் வெளியூரார் ஆயினும், அவருடைய உரிமை திரும்பும் வரை துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்புல் புலூல். இருபது வயதையொட்டிய இளைஞராக அதில் கலந்து கொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறியதாக வரலாறு கூறுகிறது. அங்கே கூடியவர்கள் ஆஸைச் சவுக்கால் அடிக்கவில்லை. வணிகரின் பொருளை அவரிடமிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். முறையிட்டவர் அன்னியர் என்பதும், முறையீட்டுக்கு உள்ளானவர் தம் இனத்தவர் என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை.

அரசு முறையாக மளாலிமுக்கென ஒரு நாளை ஒதுக்கியவர் உமையாக் கலீபா அப்துல் மலிக் (கி.பி. 685–705) என்று மாவர்தி எழுதுகிறார். ஆயினும் அச்சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் அவருடைய மருமகனும் தம்பி மகனுமான உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களே. ஆட்சி செய்தது 717 முதல் 720 வரை, மூன்றாண்டு கூட நிறையவில்லை. பொறுப்பேற்றதும் தம் குடும்பத்தார் வசமிருந்த நிலங்களின் உரிமைப் பத்திரங்களை ஆராயத் தொடங்கினார்கள். முதலில் தம்மிடம் இருந்தவற்றையே விட்டுக் கொடுத்தார்கள். பதக் தோட்டத்தை நபிகளார் காலத்து நிலைக்கு மீட்டார்கள். துணைவியார் பாத்திமா, கலீபாவின் மகளாய்ப் பிறந்தவர். தந்தை அளித்த நகைகளை அணிந்தவர். அந்நகைகள் பைத்துல் மாலுக்குச் சென்றன. பின்னர் அவ்வம்மையாரின் சகோதரர் யஸீத் கலீபாவானபோது அவற்றைத் திருப்பித் தர முன்வந்தார் என்றும், கணவர் உயிரோடிருக்கையில் மனமொப்பிக் கொடுத்ததை அவர் மறைந்த பின் பெற மாட்டேன் என அம்மையார் மறுத்துவிட்டார் என்றும் எழுதுகின்றனர்.

குடும்பத்தாரின் கோபம் எத்தகையது என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். தந்தை வழியில் வந்த சொத்து என்று அவர்கள் வாதிட்டனர். தந்தைக்கு எவ்வாறு வந்தது என்பதே உமர் (ரஹ்) அவர்களின் வினாவாயிருந்தது. மள்லிமா பழையதாகி விட்டால் அது உடைமையாகி விடுமா என்ற கேள்வி இங்கே அடங்கியுள்ளது. காலம் கடந்ததால் பால் பதமாகலாம். பறித்த நிலம் பதமாவதில்லை.

ஈராக்கில் அப்போது அரசுப் பணியிலிருந்த அபுஸ் ஸினாத் என்னும் அறிஞர் வழியாக இப்னு ஸஅத் பதிவு செய்துள்ள செய்தி நோக்கத்தக்கது. மளாலிமை உரியவர்களிடம் திருப்பித் தருமாறு கலீபாவின் ஆணை வந்தது. கொடுத்துக் கொடுத்து ஈராக்கின் பைத்துல் மால் வெறுமையாயிற்று. ஷாம் தேசத்திலிருந்து பணம் வரவேண்டியதாயிற்று. இதில் வியப்பு தொகையில் இல்லை. அசைக்க முடியாத சாட்சியங்களைக் கொண்டுவருமாறு உமர் (ரஹ்) முறையிட்டவர்களை வற்புறுத்தவில்லை. ஓரளவு விளங்கினாலே திருப்பித் தந்தார்கள். முந்திய ஆளுநர்களின் போக்கு அனைவரும் அறிந்ததாயிருந்தபடியால், ஏழை மீது சாட்சிச் சுமையை ஏற்றுவது இரண்டாவது அநியாயமாகும் என்பது அவர்கள் கருத்தாயிருந்திருக்க வேண்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் சிறிய செய்தியொன்று உண்டு. பலரும் அதைக் கவனியாது செல்வர். ஓர் ஆளுநர் அநியாயமாய்ப் பறித்த பொருள் பற்றி உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) ஒரு கடிதம் எழுதினார்கள்: உரியவரிடம் திருப்பித் தருக, கழிந்த ஆண்டுகளுக்கான ஸகாத்தை அதிலிருந்து எடுத்துக் கொள்க என்பது அதன் சாரம். அக்கடிதத்தைத் தொடர்ந்து மற்றொரு கடிதம் சென்றது. ஓராண்டு ஸகாத் மட்டும் எடுத்தால் போதும். ஏனெனில் அது திரும்பும் என்ற நம்பிக்கை அற்றுப் போயிருந்த பொருள் என்பது திருத்தம். பரந்த பேரரசை ஆண்டவர், கையை விட்டுப் போயிருந்த பொருளுக்கு அதை இழந்தவனே வரி செலுத்துவது முறையா என்று எண்ணிப் பார்த்து, எழுதியதை மாற்றி எழுதியிருக்கிறார். இழப்பீடு பற்றிய வழக்குகளை அறிந்தோர் இதன் நுட்பத்தை உணர்வர்.

அப்பாஸியர் காலத்தில் மளாலிம் ஒழுங்கான நிறுவனமாக வளர்ந்தது. மஹ்தி, ஹாதி, ஹாரூன் ரஷீத், மஃமூன் ஆகியோர் தாமே அமர்ந்தனர். இறுதியாய் அமர்ந்தவர் முஹ்ததி (869–870). அவர் நான்கு வாயில்களையுடைய குவிமாடம் ஒன்றை எழுப்பி, அதற்கு மளாலிம் மாடம் என்றே பெயரிட்டார். ஓராண்டு முடிவதற்குள் துருக்கியப் படையினரால் அவர் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மன்னரின் விருப்பத்தைச் சார்ந்து நின்ற மன்றம் அது. மன்னர் தளர்ந்தால் மன்றமும் தளர்ந்தது.

முறையிட வருவோர் தம் குறையை எழுதிக் கொடுப்பர். அம்மனுவுக்கு அரபியில் ‘கிஸ்ஸா’ என்று பெயர். யூசுபு நபி கிஸ்ஸா போன்றவற்றைப் படித்து வளர்ந்த நமக்கு, கிஸ்ஸா என்றால் கதை. அரபியிலும் அதுவே பொருள். ஆனால் மளாலிம் மன்றத்தில், அநியாயத்துக்கு ஆளானவன் தன் கதையைச் சொல்லும் தாளுக்கு அப்பெயர். மன்னர் அதன் மீது எழுதும் முடிவுக்குத் ‘தவ்கீஉ’ என்று பெயர். ஒரு மனிதனின் கதையை முழுவதும் கேட்ட பிறகே அதன் மீது கையெழுத்து விழ வேண்டும் என்ற எண்ணம் இவ்விரு சொற்களிலும் பொதிந்து கிடக்கிறது.

மஃமூனின் மன்றத்தைப் பற்றி மாவர்தி கூறும் நிகழ்ச்சி பலர் அறிந்ததே. கந்தலாடை அணிந்த பெண்ணொருத்தி வந்து தன் தோட்டத்தைப் பறித்துக் கொண்டதாக முறையிட்டாள். பறித்தவர் கலீபாவின் மகன் அப்பாஸ். மஃமூன் இருவரையும் சமமாக அமர்த்தி வழக்கை விசாரிக்கச் செய்தார். பெண்ணின் குரல் உயர்ந்தது, காவலர் அதட்டினார். உண்மை அவளைப் பேச வைக்கிறது, பொய் இவனை ஊமையாக்கியது என்ற கருத்துப்பட மஃமூன் அக்காவலரைத் தடுத்தார். தோட்டம் அவளுக்கே திரும்பிற்று.

பெண்கள் முறையிட மட்டும் வந்தார்களில்லை. ஹிஜ்ரி 306இல் (கி.பி. 918), கலீபா முக்ததிரின் தாயார் தம் அரண்மனை மேலாளராயிருந்த துமல் என்ற பெண்மணியை பக்தாதின் ருஸாபாவில் வெள்ளிதோறும் மளாலிமுக்காக அமரச் செய்தார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. மக்கள் முகம் சுளித்தனர். அடுத்த முறை காஜி ஒருவரை உடன் இருத்தி அமர்ந்தார். மனுக்கள் வந்தன, தவ்கீஉகள் வெளிவந்தன. அநியாயத்துக்கு உள்ளானோர் பயனடைந்தனர் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

இவற்றுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தவர் 1058இல் மறைந்த மாவர்தி. ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் மளாலிமுக்குத் தனி அத்தியாயம் எழுதினார். ஆளுநரின் கொடுமை, வரி தண்டுவோரின் மிகைவசூல், எழுத்தர்களின் பொய்க்கணக்கு ஆகியவற்றை விசாரிக்க எவரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. மன்றமே தானாகக் கிளறிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பொது வக்புகளுக்கும் அவ்வாறே. அரசு பறித்த நிலங்களைப் பொறுத்தமட்டில், உரியவர் வரும் வரை காத்திராமல், பதிவேட்டைப் பார்த்துத் திருப்பித் தரலாம். சாதாரணக் காஜி தீர்ப்பளித்தும் நிறைவேற்ற முடியாத வழக்கை, எதிராளி வலியவன் என்பதால் தேங்கிய வழக்கை, மளாலிம் மன்றமே நிறைவேற்றித் தர வேண்டும். காஜியின் நேர்மையும் மன்னரின் வலிமையும் ஓரிடத்தில் சேர்வதே மளாலிம் என அவர் கருதியதாகக் கொள்ளலாம். இவ்வளவையும் அவர் எழுதியது அப்பாஸியரின் கை பெரிதும் தளர்ந்து விட்ட காலத்தில் என்பது சிந்திக்கத்தக்கது.

இனிப் பெயர் மாறிய கதை. 1154 முதல் திமிஷ்க் நகரை ஆண்ட நூருத்தீன் ஸன்கி, இத்தகைய மன்றத்துக்கென ஒரு கட்டடம் எழுப்பி அதற்குத் ‘தாருல் அத்ல்’, நீதி இல்லம், என்று பெயரிட்டார். அமீர்கள் அண்டை வீட்டார் நிலங்களை வளைத்துக் கொண்டனர். அவர்களுள் வலியவர் ஷீர்கூஹ். காஜியால் மற்றவர்களைக் கேட்க முடிந்தது. ஷீர்கூஹைக் கேட்க முடியவில்லை. கட்டடம் எழும்பியதைக் கண்ட ஷீர்கூஹ் தம் ஆட்களை அழைத்து, இது எனக்காகவே கட்டப்படுகிறது. என்னை அங்கே நிற்க வைப்பவனைச் சிலுவையில் அறைவேன். என் சொத்தெல்லாம் போனாலும் சரி, வழக்குள்ளவர்களுடன் போய்த் தீர்த்து விடுங்கள் என்று ஆணையிட்டதாக இப்னுல் அதீர் எழுதுகிறார். நூருத்தீன் பல நாள் அமர்ந்தும் ஷீர்கூஹ் மீது ஒரு மனுவும் வரவில்லை. காரணம் தெரிந்ததும் இறைவனுக்கு நன்றி கூறி ஸஜ்தா செய்தார். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பைபர்ஸும் ஹிஜ்ரி 661இல் கோட்டைக்குக் கீழே ஒரு தாருல் அத்ல் கட்டினார்.

கட்டடம் வந்தது நன்மைதான். ஷீர்கூஹைப் பணிய வைத்தது அதன் சுவர்களே. எனினும் பெயரில் ஏற்பட்ட மாற்றத்தை நான் வரவேற்க மாட்டேன். ‘நீதி இல்லம்’ என்ற பெயர் மன்னரின் புகழைப் பாடுகிறது; ‘மளாலிம்’ என்ற பெயர் வாசலில் நிற்பவனின் இழப்பை நினைவூட்டுகிறது. நீதி இல்லத்தில் ஒருவரும் முறையிட வராவிட்டாலும் அது நீதி இல்லமே. முறையீடு கேளாத மளாலிமுக்கோ பொருளே இல்லை.

இந்தியாவிலும் இச்சொல் வேறு உருவங்களில் நடமாடிற்று. 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, டில்லிச் சுல்தான் இல்துத்மிஷ் (1211–1236) பற்றிக் கேள்விப்பட்டதை எழுதியுள்ளார். இந்நாட்டு மக்கள் வெள்ளுடை உடுப்பவர்கள். ஆகவே மள்லூம் ஒவ்வொருவரும் சாயமிட்ட ஆடை உடுக்க வேண்டும், அதைக் கண்டதும் சுல்தான் அழைத்து விசாரிப்பார் என ஆணை இருந்ததாம். இரவில் வருவோருக்காக அரண்மனை வாயிலில் சலவைக்கல் சிங்கங்கள் இரண்டும், அவற்றின் கழுத்துச் சங்கிலியில் மணியும் இருந்தனவாம். ஜஹாங்கீர் 1605இல் ஆக்ராவில் தொங்கவிட்ட 60 மணிகள் கொண்ட பொற்சங்கிலி பலரும் அறிந்தது. மணியின் கதை தமிழகத்துக்குப் புதிதன்று. திருவாரூரில் மனுநீதிச் சோழன் வாயிலில் பசு அசைத்த மணியை இங்கு அறியாதார் இல்லை.

அதே இப்னு பதூதா 1340களில் நம் மதுரைக்கும் வந்தார். அங்கு ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு உறவினர். இருவரும் மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹின் பெண்மக்களை மணந்தவர்கள். அந்தச் சுல்தான், சிறைப்பட்ட இந்து மக்களை, பெண்களையும் குழந்தைகளையும் கூட விடாமல், கொடிய முறையில் கொல்வித்ததைக் கண்டு, இது அருவருக்கத்தக்க செயல், வேறெந்த அரசனும் செய்ததாக நான் அறியேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் சேர்த்துள்ளார். உறவையோ மார்க்கத்தையோ காட்டி அவர் அதை மூடி மறைக்கவில்லை. நம் வரலாற்றை எழுதும்போது சிங்கங்களின் மணியை மட்டும் ஒலிக்க விட்டு மதுரையை மறந்து விடுவது, படியை மட்டமாய் அளப்பதாகவே முடியும்.

நீதிமன்றத் தமிழில் நெடுநாள் வழங்கிய ‘பிராது’ என்ற சொல் பாரசீக ‘பர்யாத்’ என்பதன் திரிபு. அபயக்குரல் என்பது அதன் மூலப்பொருள். அபூகுபைஸ் குன்றின் மீது எழுந்த குரல் தாசில்தார் கச்சேரிக் கட்டில் அடங்கிய வரலாறு அது. அரபு நாடுகளில் மளாலிம் என்ற பெயரே மீண்டும் உயிர் பெற்றது. சவூதி அரேபியாவில் 1955இல் ‘தீவானுல் மளாலிம்’ தனி அமைப்பாயிற்று. 1982, 2007 ஆண்டுகளின் சட்டங்களால் அரசுக்கு எதிரான வழக்குகளைக் கேட்கும் நிர்வாக நீதிமன்றமாக உருப்பெற்றது. மொராக்கோவில் 2001இல் அதே பெயரில் தொடங்கப்பட்ட அமைப்பு, 2011இல் ‘நடுவர்’ என்னும் பொருளுடைய ‘வஸீத்’ என்ற பெயருக்கு மாறிற்று. அங்கும் பெயர் நிலைக்கவில்லை.

ஆனால் மளாலிம் அரசர்களோடு முடிந்துவிடுகிற சொல்லன்று. பாவமன்னிப்புத் தேடுவோன் தன் கையிலுள்ள மளாலிமிலிருந்து எங்ஙனம் வெளியேறுவது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், ஹலால் ஹராம் பற்றிய பாகத்தில், விரிவாகவே எழுதியுள்ளார்கள். முதலில் அப்பொருளைத் தன் பொருளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்; பிறகு உரியவரிடம் சேர்க்க வேண்டும்; அவர் மறைந்திருந்தால் வாரிசுகளிடம்; ஒருவரையும் கண்டறிய வழியின்றேல் தர்மமாக. வருந்துவது இந்த வரிசையில் எந்தப் படிக்கும் ஈடாகாது.

நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உற்றார் உறவினர் வீடுகளுக்குச் சென்று, ‘ஏதேனும் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்’ என்று கேட்பது அழகிய பழக்கம். அவ்வீடுகளுள் ஒன்று பெரும்பாலும் உடன்பிறந்தவளின் வீடு. ‘சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று’ என்று சொல்லி வாப்பாவின் நிலத்தில் அவளுக்குரிய பங்கு பிரிக்கப்படாமலே கிடக்கும். கண்ணீருடன் அவளும் பொறுத்தேன் என்பாள். இதன் சட்ட நிலை என்ன? கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபியீ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ளமான் பற்றிய பாடத்தில், அளவு தெரியாத கடனை விட்டுக் கொடுத்தல் செல்லாது என்ற கூற்றையே ஏற்கிறது. உள்நாட்டில் மிகுதியாயுள்ள ஹனபி மத்ஹபில், தெரியாத கடனையும் விட்டுக் கொடுக்கலாம். ஆனால் அது கடனுக்கு மட்டுமே. பிரிக்கப்படாத நிலம் கடனன்று, கண்முன் கிடக்கும் பொருள். ‘பொறுத்தேன்’ என்ற சொல்லால் பொருளின் உடைமை மாறுவதில்லை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. பங்கு இன்னதென்று அறிந்து, அவளே மனமொப்பி ஹிபாவாகக் கொடுத்து, அது கைமாறினாலன்றி, அண்ணன் மக்காவிலிருந்து திரும்பிய பின்னும் நிலம் தங்கையுடையதே.